நாய், பூனை குடிக்கும் டிஸ்பென்சரில் பாசி: எதைப் போட்டுக் கழுவலாம், எதைத் தொடவே கூடாது?

வெலிங்டன்வாசி

குன்னூர்ப் பக்கம் இருக்கிறோம். வீட்டில் ஒரு நாட்டு நாய், ஒரு பூனை. இரண்டுக்கும் சேர்த்து ஐந்து லிட்டர் பிடிக்கும் தண்ணீர் டிஸ்பென்சர் ஒன்றைக் கண்ணாடி வராந்தாவில் வைத்திருக்கிறோம். குடுவையைக் கவிழ்த்து வைத்தால் தட்டில் தண்ணீர் தானாக இறங்குமே, அந்த வகை. குடுவை உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக். இப்போது அதன் ஒரு பக்கம் மட்டும் பச்சை ஏறியிருக்கிறது. தட்டின் அடியில் விரல் வைத்தால் வழுக்குகிறது. கழுத்து மரையில் கரும்பச்சைக் கோடு ஒன்று. எந்தப் பிரஷுக்கும் அசையவில்லை.

யோசனை சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. மாமியார், பிளீச்சிங் பவுடர் போட்டு இரவு முழுக்க ஊற வை என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், நாலு சொட்டுத் தைலம் விட்டால் பாசி எட்டிப் பார்க்காது என்கிறார். கணவரோ, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம் என்கிறார். அவருக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் வழி. குடிக்கும் பாத்திரம் என்பதால் எதையும் செய்யத் தயக்கமாக இருக்கிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கோடநாடு மூடுபனி

பச்சை ஏறியிருக்கும் பக்கம் சன்னலைப் பார்த்திருக்கிறதா?

வெலிங்டன்வாசி

ஆமாம். எப்படித் தெரிந்தது?

கோடநாடு மூடுபனி

பாசிக்கு வேண்டியது தண்ணீர், வெளிச்சம், கொஞ்சம் சத்து. சத்தை நாயின் எச்சிலும் வாயில் ஒட்டிய சோறும் கொடுத்துவிடுகின்றன. வெளிச்சத்தைக் கண்ணாடி வராந்தா கொடுக்கிறது. நம் ஊர்ப் பழைய வீடுகளில் குளிருக்காகக் கட்டிய இந்த வராந்தாக்களில் ரோஜாத் தொட்டி வைக்கலாம், டிஸ்பென்சர் வைக்கக் கூடாது. முதலில் அதை உள்ளே, வெளிச்சம் படாத மூலைக்கு நகர்த்துங்கள். இல்லையென்றால் என்ன போட்டுக் கழுவினாலும் அடுத்த வாரம் பச்சை திரும்பி வரும்.

தொட்டபெட்டா தாத்தா

கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பச்சையைப் பார்த்து எல்லோரும் பதறுகிறார்கள். குழாய்த் தண்ணீர் நிரப்பிய குடுவையில் வரும் சாதாரணப் பச்சைப் பாசி பெரும்பாலும் நாயைக் கொல்லாது. நாற்றம் அடிக்கும், தண்ணீரின் ருசி கெடும், பூனை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்காமல் போய்விடும். பூனை தண்ணீர் குறைவாகக் குடித்தால் சிறுநீர்ப் பையில் தொல்லை வருகிறது, அது தனிக்கதை. நான் கவலைப்படுவது அந்த வழுவழுப்பைப் பற்றி. அது பாக்டீரியாக்கள் கூடித் தம்மைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கோட்டை. மருந்தை மேலே ஊற்றினால் கோட்டைச் சுவர் நனையும், உள்ளே இருப்பவர்கள் சுகமாக இருப்பார்கள். முதலில் தேய்த்து அதை உடைக்க வேண்டும். ஊற வைப்பதெல்லாம் அதன் பிறகுதான்.

ஆகவே வரிசை இப்படி: எல்லாவற்றையும் கழற்றுங்கள். மூடியில் இருக்கும் ரப்பர் வாஷரை ஊசி முனையால் நெம்பி வெளியே எடுங்கள். பலர் அதைக் கழற்றலாம் என்றே அறியாமல் இருக்கிறார்கள். வாஷர் உட்காரும் பள்ளத்தைப் பாருங்கள். அம்மா சொல்லும் கரும்பச்சைக் கோட்டுக்குத் தாய்வீடு அங்கேதான். பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவமும் வெந்நீரும் விட்டு, குடுவைக்குப் பால்புட்டி பிரஷ், மரைக்குப் பழைய பல் பிரஷ், பள்ளத்துக்குப் பஞ்சு சுற்றிய குச்சி என்று தேயுங்கள். தட்டுக்கு நம் வீட்டுப் பீர்க்கங்கூடே போதும். கம்பி நாரை மட்டும் பிளாஸ்டிக்கின் பக்கம் கொண்டு போகாதீர்கள். அது போடும் கீறல்தான் அடுத்த பாசிக்குப் பாய் விரித்துக் கொடுக்கிறது.

தேய்த்து அலசிய பிறகு வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து அரைமணி நேரம் ஊற விடுங்கள். மறுபடி பிரஷ் ஓட்டி, வினிகர் வாசனை போகும்வரை அலசுங்கள். கடைசியாக எல்லா உறுப்பையும் தனித்தனியாகக் கவிழ்த்து நன்றாகக் காய விடுங்கள். நம் மழைக்காலத்தில் இதுதான் கடினம், தெரியும். அடுப்படி மேடையில் துணி விரித்து வைத்தால் காய்ந்துவிடும்.

ஊற்றுத்தண்ணீர்

வினிகரில் சமையல் சோடாவையும் சேர்த்தால் பொங்கிப் பொங்கி அழுக்கைத் தூக்கிவிடும். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

தொட்டபெட்டா தாத்தா

பொங்குவது கண்ணுக்கு அழகு. வினிகர் அமிலம், சோடா காரம். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு மிச்சம் கொஞ்சம் உப்புக் கரைசலாக நிற்கும். சோடாவைத் தனியாகக் குழைத்துத் தட்டில் பூசித் தேயுங்கள், பிளாஸ்டிக்கைக் கீறாமல் அழுக்கை எடுக்கும். அலசிவிட்டு அப்புறம் வினிகர். இரண்டையும் ஒரே நேரத்தில் ஊற்றுவது காசுக்குப் பிடித்த கேடு.

தைலக்காடு

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் என்ன தப்பு? இந்த மலையில் சளிக்கும் தைலம், மூட்டு வலிக்கும் தைலம், தரை துடைக்கவும் தைலம். எங்கள் தாத்தா காலத்திலிருந்து காய்ச்சுகிறோம். கிருமியைக் கொல்லும் என்பது உண்மைதானே. கடைசியாக அலசும் தண்ணீரில் இரண்டு சொட்டு விடுவதில் என்ன வந்துவிடும்?

மார்கழி உறைபனி

தயவுசெய்து விடாதீர்கள். வீட்டில் பூனை இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். நீலகிரித் தைலத்தில் பெரும்பகுதி சினியோல். நமக்கு மூக்கடைப்பைத் திறக்கும் அதே பொருள் நாய்க்கும் பூனைக்கும் உள்ளே போனால் நஞ்சு: எச்சில் ஒழுகும், வாந்தி எடுக்கும், கால் தள்ளாடும், அளவு கூடினால் வலிப்பு வரும். இரண்டு சொட்டு என்கிறீர்கள். எண்ணெய் தண்ணீரில் கரையாது. மேலே மிதந்து, பூனை நக்கும் அந்த ஒரு இடத்தில்தான் நிற்கும். ரப்பர் வாஷருக்குள் ஏறிவிட்டால் எத்தனை அலசினாலும் வாசனை போகாது.

தைலக்காடு

மிதக்கும் என்பதை யோசிக்கவில்லை. சரி, தரையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மார்கழி உறைபனி

தரைக்கும் பூனை உலாவாத நேரமாகப் பாருங்கள் ஐயா. அது பாதத்தை நக்கும். பினாயிலுக்கும் அதே பேச்சுத்தான். பினால் வகைப் பொருள்களைச் செரித்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு கிடையாது. காயத்துக்கு ஊற்றும் கிருமிநாசினித் திரவம், தண்ணீரில் விட்டால் பால் போல வெள்ளையாகுமே, அதையும் குடிக்கும் பாத்திரத்தின் அருகில் கொண்டு போக வேண்டாம்.

பச்சைக்கொழுந்து

தேயிலைத் தோட்டக்காரன் கேள்வி. கொப்புள நோய்க்குச் செம்பு மருந்து அடிக்கிறோம். உருளைக்கிழங்குக்குத் துத்தமும் (அந்த நீலநிறச் செம்பு உப்பு) சுண்ணாம்பும் கலந்து அடிப்பதும் உண்டு. குளத்தில் பாசி கட்டினால் துத்தம் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வீட்டில் துத்தம் இருக்கிறது. தொட்டியிலேயே ஒரு சிட்டிகை போட்டுவிட்டால் பாசி வேரோடு போய்விடாதா?

மன்னவனூர் மேய்ப்பர்

பழனி மலையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் செம்மறி ஆராய்ச்சி மையமே இருக்கிறது. ஆடு வளர்ப்பவர்களுக்கு இங்கே முதலில் சொல்லித் தரும் பாடங்களில் ஒன்று செம்பை ஆட்டிடமிருந்து தள்ளி வை என்பது. செம்மறியின் கல்லீரல் செம்பைச் சேர்த்துக்கொண்டே போகும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் திடீரென்று இரத்தம் உடைந்து, சிறுநீர் சிவந்து, கண் மஞ்சளாகி ஆடு விழுந்துவிடும். நாய் அந்த அளவுக்கு மென்மையானது இல்லை. ஆனாலும் துத்தக் கரைசல் அதன் குடலைப் புண்ணாக்கும், வாந்தி எடுக்க வைக்கும். சில நாய் இனங்களுக்குக் கல்லீரலில் செம்பு தேங்கும் நோயே பரம்பரையாக வருகிறது. துத்தம் பாசியைக் கொல்லும் என்பது உண்மை. குடிக்கும் தண்ணீரில் சிட்டிகைக் கணக்கில் போடும் பொருள் அது இல்லை, அண்ணா. மருந்து கலக்கிய வாளியைக்கூட நாய் எட்டாத இடத்தில் வையுங்கள்.

பச்சைக்கொழுந்து

புரிந்தது தம்பி. தொட்டியை ஆள் விட்டுக் கழுவிவிடுகிறேன்.

லவ்டேல் பள்ளத்தாக்கு

பிளீச்சிங் பவுடரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. குடிநீர்த் தொட்டிக்கே போடுகிறார்கள். நாய்த் தட்டுக்குப் போட்டால் என்ன?

தொட்டபெட்டா தாத்தா

போடலாம். மாமியார் சொன்னதில் பாதி சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். "இரவு முழுக்க" என்பதும், அளவு சொல்லாததும்தான் கோளாறு.

பவுடரை விடத் திரவம் எளிது. கடையில் விற்கும் வாசனை சேர்க்காத சோடியம் ஹைப்போகுளோரைட், 5 சதவீதம் என்று புட்டியில் அச்சிட்டிருக்கும். ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீருக்கு 4 முதல் 5 மில்லி, ஒரு தேக்கரண்டி அளவு. பத்து நிமிடம் போதும். குளோரின் வாசனை அறவே போகும்வரை அலசிக் காய வையுங்கள். வெந்நீரில் கலக்கக் கூடாது. குளோரின் பறந்துபோய் உங்கள் மூக்குக்கு வரும். பவுடர்தான் இருக்கிறது என்றால் அதில் புதிதாக இருக்கும்போது குளோரின் ஏறத்தாழ 30 சதவீதம். ஆனால் நம் ஈரக்காற்றில் மூடி திறந்து கிடந்த பொட்டலத்தில் எவ்வளவு மிச்சம் என்று யாரும் சொல்ல முடியாது. சுண்ணாம்பு வண்டல் வேறு மரையில் உட்கார்ந்துகொள்ளும்.

அழுக்கு இருக்கும் இடத்தில் குளோரின் அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். அதனால் தேய்க்காமல் ஊற வைப்பது வீண் வேலை.

இதைத் தனியாக எழுதுகிறேன், யாரும் தாண்டிப் போக வேண்டாம்: பிளீச்சோடு வினிகர் சேரக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். கழிப்பறை கழுவும் ஆசிட் சேர்ந்தாலும் அதுவே. அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் கூடாது, அது வேறொரு நச்சு வாயு. குளிருக்குக் கதவு, சன்னல் எல்லாம் சாத்திவிட்டு வேலை செய்யும் பழக்கம் நமக்கு. பிளீச் எடுக்கும் அன்று சன்னல் திறந்திருக்கட்டும், நாயும் பூனையும் வேறு அறையில் இருக்கட்டும். ஒருநாள் வினிகர் போட்டால் அன்றைக்குப் பிளீச் வேண்டாம். வினிகரே பெரும்பாலும் போதும். நாய்க்கு வயிற்றுப்போக்கு வந்து தேறிய பிறகு, அல்லது பல நாய்கள் ஒரே தட்டில் குடிக்கும் இடத்தில்தான் பிளீச்சுக்கு வேலை.

லவ்டேல் பள்ளத்தாக்கு

எதற்கு இத்தனை? கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது.

மார்கழி உறைபனி

எவர்சில்வர் தட்டுக்கு ஊற்றுங்கள். அந்தத் தெளிந்த பிளாஸ்டிக் குடுவையில் ஊற்றினால் அது சுருண்டு இடுப்பொடிந்து நிற்கும், பிறகு மூடி பொருந்தாது. இன்னொன்று: ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குடிநீரைக் காய்ச்சும்போது தளதளவென்று கொதி வந்த பிறகு கீழ்நாட்டில் ஒரு நிமிடம் போதும். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் என்பது பரிந்துரை. குன்னூருக்கு அந்தக் கவலை இல்லை, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உண்டு. குட்டி நாய்க்குக் காய்ச்சிய தண்ணீர் வைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

ஊற்றுத்தண்ணீர்

பாசி எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு மேலே சோலையிலிருந்து ஊற்று நீர் ரப்பர்க் குழாயில் வருகிறது. பச்சை நிறக் குழாய், வெயில் உள்ளே புகும். ஒருமுறை அதை வெட்டிப் பார்த்தேன். உட்சுவர் முழுக்கப் பாசி, நீரோட்டத்தில் முடி போல அசைந்துகொண்டிருந்தது. டிஸ்பென்சரை எத்தனை கழுவினாலும் விதை அங்கிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. கறுப்புக் குழாய்க்கு மாறினேன், முக்கால்வாசித் தொல்லை போயிற்று. மொட்டைமாடித் தொட்டி கறுப்பாக இருப்பதும் இதற்காகத்தான். அதன் மூடி காற்றில் பறந்து போயிருந்தால் கறுப்பு என்ன, வெள்ளை என்ன.

வெலிங்டன்வாசி

எங்களுக்கு நகராட்சித் தண்ணீர். அது வரும் நாளில் பிடித்துத் தொட்டியில் நிரப்பிவைக்க வேண்டும். தொட்டி மூடியை இன்று ஏறிப் பார்க்கச் சொல்கிறேன். கணவருக்கும் ஒரு வேலை.

கோடநாடு மூடுபனி

இன்னொரு கேள்வி அக்கா. நாய் எத்தனை கிலோ?

வெலிங்டன்வாசி

பதினைந்து இருக்கும்.

கோடநாடு மூடுபனி

நாய்க்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50, 60 மில்லி தண்ணீர் என்பது கணக்கு. உங்கள் நாய்க்கு ஒரு லிட்டருக்குள் அடங்கிவிடும். நம் குளிருக்கு அதிலும் குறைவாகவே குடிக்கும். பூனை குடிப்பதைச் சேர்த்தாலும் ஐந்து லிட்டர் குடுவை ஒருமுறை நிரப்பினால் ஐந்து நாளாவது நிற்கிறது. ஐந்து நாள் நிற்கும் தண்ணீரில் பாசி வராமல் என்ன செய்யும்? குடுவையை நிரப்ப வேண்டும் என்று சட்டம் இல்லை. ஒன்றரை லிட்டர் மட்டும் ஊற்றிக் கவிழ்த்தாலும் தண்ணீர் அதேபோல இறங்கும். தட்டில் மட்டம் குறைந்து குடுவையின் வாய்க்குள் காற்று புகுந்தால்தான் நீர் இறங்குகிறது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது அதற்குப் பொருட்டில்லை. தினமும் மிச்சத்தை ரோஜாச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதிது விடுங்கள். தட்டைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழற்றித் தேய்க்கும் பெரிய வேலை வாரத்துக்கு ஒருமுறை போதும்.

குடுவைக்கு ஓர் உறை போடுங்கள். கிழிந்த ஸ்வெட்டரின் கையை வெட்டி மாட்டினால் அளவாக உட்காரும்.

தைலக்காடு

கம்பளி உறையை எங்கள் நாய் ஒரே மதியத்தில் பிரித்து நூலாக்கிவிடும். கறுப்புத் தாள் ஒட்டுவதே மேல்.

பைன்மரச் சாலை

கொடைக்கானலிலிருந்து. எங்களிடம் இருப்பது மோட்டார் வைத்த நீரூற்று வகை. பூனை ஓடும் தண்ணீரைத்தான் குடிக்கிறது. வடிகட்டியை மாற்றினேன், தொட்டியைக் கழுவினேன். ஆனாலும் இரண்டே நாளில் வழுவழுப்பு. ஓடும் தண்ணீரில் எப்படி வரும்?

மார்கழி உறைபனி

மோட்டாரின் உள்ளே பார்த்தீர்களா? மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மோட்டாரை வெளியே எடுங்கள். முன்னால் சின்ன மூடி ஒன்று இருக்கும், நகத்தால் தள்ளினால் வரும். உள்ளே காந்தத்தோடு சேர்ந்த குட்டி இறக்கைச் சக்கரம். மெல்ல இழுத்தால் கையோடு வந்துவிடும். அது இருந்த குழிக்குள் பஞ்சுக் குச்சியை விட்டுச் சுழற்றி எடுங்கள். வெளியே வருவதைப் பார்த்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. பழுப்புக் கூழும் பூனை முடியும் சுற்றிக்கொண்டிருக்கும். தொட்டியை எத்தனை கழுவினாலும் அந்தக் குழியிலிருந்து தண்ணீரோடு திரும்ப வருகிறது.

வடிகட்டியில் இருக்கும் கரி குளோரினை உறிஞ்சிவிடுகிறது. குளோரின் இல்லாத தண்ணீரில் பாசிக்குக் கொண்டாட்டம். கடற்பஞ்சு போன்ற முன்வடிகட்டியை அலசிப் பயன்படுத்தலாம். கரிப்பையை அலசிப் புண்ணியம் இல்லை, குறித்த கெடுவில் மாற்றிவிட வேண்டும். மோட்டார் உறுப்புகளை வினிகர்த் தண்ணீரில் முக்கலாம். மின்கம்பி இணைப்பை நனைக்காதீர்கள்.

பைன்மரச் சாலை

எங்கள் தட்டில் பச்சையோடு இளஞ்சிவப்பாகவும் ஒரு படலம் வருகிறது. அதுவும் பாசியா?

தொட்டபெட்டா தாத்தா

இல்லை. இளஞ்சிவப்பு பெரும்பாலும் செராஷியா என்ற பாக்டீரியா. குளியலறை மூலையில் வருவதும் அதுவே. கறுப்புப் புள்ளி என்றால் பூஞ்சை. மூன்றுக்கும் வைத்தியம் ஒன்றுதான்: தேய், ஊற வை, அலசு, காய வை. கறுப்புப் புள்ளி பிளாஸ்டிக்கின் கீறலுக்குள் இறங்கிவிட்டிருந்தால் மட்டும் வெலிங்டன் அம்மாவின் கணவர் சொல்வதைக் கேட்கலாம், தட்டை மாற்றிவிடுங்கள்.

மன்னவனூர் மேய்ப்பர்

பச்சை என்றால் பயமில்லை என்று படித்துவிட்டு யாரும் நாயைக் குட்டையில் இறக்கிவிடாதீர்கள். தேங்கிய குளத்தில், ஏரி ஓரத்தில், பெயிண்ட் கொட்டியது போல நீலப்பச்சை ஆடை படியும். அது நீலப்பச்சைப் பாசி, சயனோபாக்டீரியா. அதில் சில வகை சுரக்கும் நஞ்சு கல்லீரலையோ நரம்பையோ தாக்கி, நாயைச் சில மணி நேரத்தில் சாய்த்துவிடும். குடிக்கக்கூட வேண்டாம், நனைந்து வந்து ரோமத்தை நக்கினாலே போதும்.

ஊற்றுத்தண்ணீர்

வெளியே திண்ணையில் தண்ணீர் வைப்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் தட்டில் இரவில் காட்டெருமை வாய் வைத்துவிட்டுப் போகிறது, எலியும் வருகிறது. எலிச் சிறுநீரிலிருந்து வரும் லெப்டோ காய்ச்சல் நாய்க்கும் தொற்றும், நமக்கும் தொற்றும். சிறுத்தைக்குப் பயந்து நாயை எப்படியும் மாலையில் உள்ளே அழைத்துக்கொள்கிறோம், தட்டையும் கூடவே உள்ளே எடுத்துவிடுங்கள். கழுவும்போது கையுறை போடுங்கள். நாயின் தடுப்பூசி அட்டையில் லெப்டோ இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெலிங்டன்வாசி

எல்லோருக்கும் நன்றி. வாஷரை ஊசியால் எடுத்தேன். தாத்தா சொன்னது சரி. பள்ளத்துக்குள் பச்சை நூலாகச் சுருண்டு கிடந்தது, ஒரே இழையாக உரிந்து வந்தது. மரைக்கோடு மட்டும் முதல் வினிகருக்கு மசியவில்லை. வினிகரில் நனைத்த பஞ்சை மரையைச் சுற்றிக் கட்டி வைத்தேன், அதன் பிறகு பல் பிரஷுக்குப் போயிற்று. டிஸ்பென்சர் இப்போது மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. மாமியாரிடம் "பாதி சரி" என்பதை மட்டும் படித்துக் காட்டினேன்.

ஒரு சந்தேகம் மிச்சம். பூனையின் தாடையில் கறுப்புப் பொடி போலப் புள்ளிகள் இருக்கின்றன. தட்டோடு இதற்குத் தொடர்பு உண்டா?

தொட்டபெட்டா தாத்தா

இருக்கலாம். பூனைக்குத் தாடையில் வரும் பரு வகை அது. கீறல் விழுந்த பிளாஸ்டிக் தட்டில் தாடை உரசுவது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. பூனைக்கு மட்டும் அகலமான எவர்சில்வர் தட்டு வைத்துத் தினமும் கழுவிப் பாருங்கள். புள்ளிகளைப் பிதுக்காதீர்கள். வீங்கினாலோ சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.